ஈ என்றால் எந்த ஈ?

"என்ன பிள்ளை தைக்கப்போறாய்?"

"தெரியாது அம்மா."

"தெரியாமலோ மூண்டு மீற்றர் துணி வாங்கினனீ?"

அம்மாவுக்கு வயது 84. நான் 29 வருடம் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என்ன தைக்கப்போகிறோம் என்று தெரியாமல் துணியில் கத்தரிக்கோலை வைக்கக் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே அம்மா கேட்டதில் பிழை இல்லை.

காரணம் என் மச்சாள். ரொறொன்ரோவில் இருக்கிறாள். அங்கே நாலைந்து பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். குவில்ட் என்பார்களே, அது. சின்னச் சின்னத் துணித் துண்டுகளைப் பொருத்தி ஒரு மேற்துணி, நடுவில் பஞ்சுப் படை, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்து நெடுகத் தையல். இந்த முறை அவர்கள் தைப்பது மர்மக் குவில்ட். முடிவில் எப்படி இருக்கும் என்ற படம் கிடையாது. எத்தனை வகைத் துணி வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு, எது வெளிறியது, எது அடர்ந்தது என்பதை மட்டும் முதலில் சொல்வார்கள். பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சனிக்கிழமை ஒரு துப்பு வரும். இத்தனை சதுரம் வெட்டு, இதை அதோடு தை, எடுத்து வை. அவ்வளவுதான். கடைசித் துப்பு வரும்போதுதான் கோலம் தெரியும். அவர்களுக்குக் காலை 9 மணிக்கு வருகிற துப்பு, குளிர்காலக் கணக்கில் எங்களுக்கு இரவு 7.30. அம்மா விளக்கு வைத்துச் சாப்பாடும் முடித்த நேரம்.

யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கள் கோண்டாவிலில் யாருக்குப் போர்வை என்று நீங்களும் கேட்கலாம். மார்கழியில் விடியப்புறம் கொஞ்சம் குளிரும், அம்மா இரண்டு சீலையை மடித்துப் போர்த்திக்கொண்டு படுப்பார். மிச்சப் பதினொரு மாதத்துக்கும் என்னிடம் பதில் இல்லை.

முதல் தாள் ஆங்கிலத்தில் வந்தது. ஐந்து துணி. ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர். நான் அதை என் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன்: அ, ஆ, இ, ஈ, உ. இந்த வேலை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன்.

அ, மிக வெளிறியது, 2½ யார். ஆ, மிக அடர்ந்தது, 1½ யார். இ, அடர்த்திக்கும் நடுவுக்கும் இடையில், 1 யார். ஈ, நடு, முக்கால் யார். உ, கண்ணைப் பிடிக்கிற ஏதாவது ஒன்று, அரை யார். அம்மாவுக்கு யார் கணக்கு உடனே பிடித்துவிட்டது. நான்தான் 91.44 சென்ரிமீற்றரால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பெருக்கினால் மட்டும் போதாது. அங்கே போர்வைக்கென்று விற்கிற துணி, கரை போக 42 அங்குல அகலம் தரும். தாளில் உள்ள கணக்கெல்லாம் அதற்குத்தான். எங்கள் கடைகளில் பொப்ளின் 36 அங்குலத்திலும் உண்டு, 45இலும் உண்டு, சாரத்துணி வேறு, கைத்தறி வேறு. எனக்குப் பிடித்ததெல்லாம் 36ஆகவே அமைந்தது. கரை இரண்டையும் வெட்டினால் 35. ஆகவே 2½ யார், அதாவது 90 அங்குல நீளம் கேட்கிற இடத்தில் எனக்கு 108 அங்குலம் வேண்டும். சரியாக 3 யார். சுருங்குவதற்கும் சேர்த்து 3 மீற்றர். அம்மா கேட்ட மூன்று மீற்றர் அதுதான்.

பலாலி வீதியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், நவீன சந்தையிலும் பெரியகடைப் பக்கமும் ஒரு பகல் முழுக்க அலைந்தேன். இதற்கு நூல் துணிதான் வேண்டும். பொலியெஸ்ரர் கலந்தால் மடிப்பு நிற்காது, சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்கப் பயம், கால் அங்குலத் தையலில் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு கடைப் பெடியன் சத்தியம் பண்ணினான்.

"நூறு வீதம் நூல், அன்ரி."

ஓர் ஓரத்தில் இரண்டு நூலை இழுத்துத் தரச் சொல்லி வாசலில் நின்று நெருப்புக்குச்சி கிழித்தேன். நூல் என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் மாவாகும். இது உருகிச் சுருண்டு, நுனியில் கறுத்த மணி மாதிரி இறுகி நின்றது. பெடியன் என்னைப் பார்க்கவில்லை, அந்த மணியைத்தான் பார்த்தான். பின்னால் நின்ற ஒருத்தி, "ரீச்சர், எங்களுக்கும் வகுப்பில இது செய்து காட்டினீங்கள்" என்றாள். முகம் ஞாபகம், பெயர் வரவில்லை. அவளுக்கும் ஒரு துணியைப் பரிசோதித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனேன்.

அ, சந்தன நிறப் பொப்ளின். அதில் சிக்கல் இல்லை. ஆவுக்கு அரக்கு நிறத்தில் ஒரு கைத்தறி எடுத்தேன். இவுக்கு ராமர் பச்சை. ஈ, அம்மாவின் அலுமாரியில் நப்தலின் உருண்டைகளோடு எத்தனையோ வருடமாகத் தைக்காமல் கிடந்த ஒரு மீற்றர் சட்டைத்துணி. கத்தரிப்பூ நிறம், குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. உ, மாம்பழ மஞ்சள். ஐந்தையும் கட்டிலில் வரிசையாக விரித்தேன். என்ன அழகு! நல்லூர்த் தேருக்குப் போகிற சனம் மாதிரி இருந்தது.

படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். அவள் பதிலுக்கு அதே படத்தை நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகத் திருப்பி அனுப்பினாள். ஒரு சொல்லும் எழுதவில்லை.

அரக்கும் ராமர் பச்சையும் ஒரே சாம்பல். எது எது என்று எனக்கே தெரியவில்லை. மாம்பழ மஞ்சள் சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. ஐந்து துணி என்று நான் நினைத்தது உண்மையில் மூன்று.

நாங்கள் பழகிய கண் வேறு. சீலைக்குச் சட்டை பொருத்துகிற கண். அரக்குச் சீலைக்குப் பச்சைக் கரை வந்தால் எடுப்பு என்கிறோம், அது நிறத்தின் சண்டை, கிட்டநின்று பார்க்கிற சண்டை. போர்வையில் இரண்டு அங்குலம், மூன்று அங்குலத் துண்டுகள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நிறம் இரண்டாம் பட்சம், வெளிச்சமும் இருட்டும்தான் கோலத்தைக் காட்டும். அரிசிமாவையும் சாணி மெழுகிய முற்றத்தையும் நினைத்துப் பார்த்தால் விளங்கும். கோலம் என்ன என்று தெரிந்தால் எந்த இரண்டு துணி பக்கத்தில் வரும் என்று பார்த்து எடுக்கலாம். மர்மக் குவில்ட்டில் அது தெரியாதே. அதனால் ஒவ்வொன்றும் மற்ற நாலிலிருந்தும் விலகி நிற்க வேண்டும். கைபேசி வருவதற்கு முன் தையற்காரர் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார்கள், அதுவும் இதே வித்தைதான். நான் வாங்கும்போது இரண்டு கண்ணையும் முழுக்கத் திறந்து வைத்திருந்தேன்.

அரக்கு தானாகவே விலகிக்கொண்டது. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தோய்த்தேன். சும்மா தண்ணீரில், சவர்க்காரம் இல்லாமல். எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், சவர்க்காரம் போட்டாலும் நுரைக்காது. அரக்கு போட்ட வாளி பீற்றூட் அவித்த சட்டி மாதிரி ஆனது. இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர், சாயம் நிற்கிற பாடில்லை. உப்புப் போட்டால் சாயம் பிடிக்கும் என்று அம்மம்மா சொல்லுவார், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இரண்டு கை உப்புப் போட்டேன். அரக்கு அதையும் குடித்துவிட்டு இன்னும் சிவப்பாகக் கக்கியது. நனைந்த துணியில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்த்தேன். வெள்ளை ரோசாவானது. சந்தனத்துக்குப் பக்கத்தில் இதைத் தைத்தால் முதல் தோய்ப்பிலேயே எல்லாம் ஒரே நிறம். அது இப்போது என் மேசை விரிப்பு. என் பழைய மாணவிகள் யாராவது இதை வாசித்தால், உப்பு விஷயத்தைக் கொப்பியில் வெட்டிவிடுங்கள்.

எப்படியும் அரக்கும் பச்சையும் ஒரே அடர்த்திதானே. பச்சை ஆவாகப் பதவி உயர்ந்தது, குறைகிறதுக்கு அடுத்த நாள் போய் இன்னும் அரை மீற்றர் வாங்கினேன். இவுக்குச் செங்கல் நிறம் கிடைத்தது. மஞ்சளை மட்டும் மாற்றவில்லை. மச்சாள் மாற்றச் சொன்னாள். ஐந்தாவது துணி கண்ணைப் பிடித்தால் போதும் என்று தாளில் இருக்கிறது, மஞ்சள் என் கண்ணைப் பிடித்துவிட்டது. சந்தனத்துக்குப் பக்கத்தில் வந்து மறைந்தால் மறையட்டும்.

கடையில் எனக்குப் பிடித்து, ஆனால் எடுக்காமல் விட்டது ஒன்று: நீட்டுக் கோடு போட்ட ஒரு சட்டைத்துணி. மர்மத்தில் கோடு கூடாது. எந்தத் துண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. ஒரு முக்கோணத்தில் கோடு நின்றும், அடுத்ததில் படுத்தும் கிடக்கும். மரம், மயில், பிள்ளையார் போட்ட துணியும் அப்படித்தான். பிள்ளையாரைத் தலைகீழாகத் தைக்க நான் தயாரில்லை.

தோய்த்துக் காயவைத்தபோது பொப்ளின் மீற்றருக்கு 3 சென்ரிமீற்றர் சுருங்கியிருந்தது. சோற்றுக் கஞ்சியை வடித்து, நல்லாய்த் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணிகளைத் தோய்த்து நிழலில் போட்டேன். கஞ்சி போட்ட துணி கடதாசி மாதிரி நிற்கும், வெட்டும்போது நெளியாது. கனடாவில் இதை ஒரு தகரத்தில் அடைத்துப் புஸ் என்று அடிக்கிறார்களாம்.

பிறகு வெட்டு. மச்சாள் போன வருடம் வந்தபோது ஒரு சில்லுக் கத்தியும் பச்சை விரிப்பும் கண்ணாடி மாதிரி ஓர் அடிமட்டமும் தந்துவிட்டுப் போனாள். சைக்கிள் சில்லின் குட்டி வடிவம், விளிம்பெல்லாம் கூர். அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து அதன் ஓரமாக உருட்டினால் நாலு மடிப்புத் துணி ஒரே தடவையில் அறும். கத்தரிக்கோல் துணியைத் தூக்கித்தான் வெட்டும், தூக்கும்போது ஒரு நூல் அளவு விலகும். இதில் துணி அசையாது. ஒரே எச்சரிக்கை: உருட்டி முடிந்ததும் மூடியை மூடு. இரண்டாம் நாள் மறந்தேன், இடது பெருவிரல் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

முதலில் நேர் எடுக்க வேண்டும். கடையில் வெட்டித் தருகிற ஓரத்தை நம்ப முடியாது. விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து இரண்டு கையாலும் கிழித்தால் ஊடை நூல் வழியே கிழியும், அதுதான் உண்மையான நேர். அம்மாவுக்கு இந்தக் கட்டம் மிகப் பிடித்திருந்தது. கதிரையில் இருந்தபடியே ஐந்து துணியையும் அவரே கிழித்துத் தந்தார். அந்தச் சத்தத்துக்கு முன்வீட்டு நாய் குரைத்தது.

துப்பின்படி சந்தனத்திலும் பச்சையிலும் 80, 80 சதுரம். ஒவ்வொன்றும் 3⅞ அங்குலம். இந்த ⅞ எங்கே இருந்து வந்தது என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். தைத்து முடிந்தபின் அதன் பக்கம் 3 அங்குலம் இருக்க வேண்டும். நேர்ப் பக்கங்களில் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். சரிந்த பக்கத்திலும் கால் அங்குலம்தான், ஆனால் அது சரிவில் போவதால் நேர்ப் பக்கத்தில் அளந்தால் கூடிவிடும், கால் தர இரண்டின் வர்க்கமூலம். எல்லாம் கூட்டினால் 0.85 சொச்சம். அளவு நாடாவில் அதற்குக் கோடு இல்லை, அடுத்த கோடு ⅞. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரவு 11 மணிக்கு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, "மூண்டே முக்காலே அரைக்கால்" என்று அளவை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். ⅞ என்று எழுதுவதைவிட அது எவ்வளவு வடிவு. முக்கால், அதற்கு மேலே அரைக்கால். கொப்பியிலும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

35 அங்குலப் பட்டி ஒன்றில் இப்படி 9 சதுரம் வரும். கணக்குப் பார்த்தால் 34⅞, அரைக்கால் அங்குலம்தான் மிச்சம். எனக்குப் புல்லரித்தது.

இனி அந்த ஈ.

துப்பின் இரண்டாம் பக்கம் கைபேசியில் மங்கலாக வந்தது. மச்சாளிடம் கேட்டேன். அவள் வேலைக்குப் போகிற ரெயினில் இருந்து குரல் பதிவு போட்டாள்: "ஈயை மெல்லிசா வெட்டுங்கோ மச்சாள், ரெண்டரை அங்குலப் பட்டி. உங்கட அகலத்துக்கு எட்டு வேணும்."

கொப்பியைப் பார்த்தேன். ஈ, கத்தரிப்பூ. அம்மாவின் சட்டைத்துணியை விரித்துப் பட்டி பட்டியாக உருட்டினேன். ஆறு பட்டி முடிந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"உந்தக் கத்தரிப்பூவையோ மெல்லிசா வெட்டச் சொன்னவள்?"

"ஓம், ஈ எண்டுதான் சொன்னவ."

"அவள் இங்கிலீசு ஈயோ, உன்ர ஈயோ?"

நான் கத்தியை மூடி வைத்தேன்.

அவள் ஈ, ஆங்கில வரிசையில் ஐந்தாவது, மஞ்சள். என் ஈ, தமிழ் வரிசையில் நாலாவது. ஏ, பி, சி, டி என்றே எழுதியிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திராது. தமிழ்ப் பற்றில் 15 அங்குலத் துணி போய்விட்டது.

அந்தத் துணியில் 3½ அங்குலச் சதுரம் 80 வேண்டும். பட்டிக்குப் பத்து, ஆக எட்டுப் பட்டி, 28 அங்குலம். தோய்த்த பிறகு கையில் இருந்தது 38 அங்குலம், தாராளம். இப்போது மிஞ்சியது 23. அதில் ஆறு பட்டிதான் வரும். 60 சதுரம், 20 குறைவு. மெல்லிசாய் வெட்டிய பட்டிகளில் இருந்து 3½ அங்குலச் சதுரத்தை எந்தக் கெட்டிக்காரியாலும் எடுக்க முடியாது. இணைத்துத் தைத்தால் நடுவில் மடிப்பு வரும். எப்போதோ வாங்கிய சட்டைத்துணி, இன்றைக்கு எந்தக் கடையில் போய்க் கேட்பது? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூட வருத்தமாக இருந்தது.

மச்சாளுக்கு எழுதினேன். இந்த முறையும் அவள் சொல்லால் பதில் சொல்லவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையே திரும்ப அனுப்பினாள்.

சரி, விளங்கியது. கத்தரிப்பூவுக்குக் கத்தரிப்பூதான் வேண்டும் என்றில்லை, அதே சாம்பல் இருந்தால் போதும். வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் நிலத்தில் போட்டுப் படம் எடுத்தேன். அண்ணையின் சாரம், கட்டம் போட்டது, வேண்டாம். பழைய யன்னல் சீலை, வெளிறிவிட்டது. கடைசியில் அலுமாரிக்கு மேலே ஒரு பொதி. இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் சோடிக்க வாங்கி மிஞ்சிய நீலப் பொப்ளின். நான் கன வருடம் நீல இல்லத்துக்குப் பொறுப்பாசிரியை. வெயிலில் கட்டிக் கட்டி மடிப்போரமெல்லாம் மங்கிவிட்டது. மங்கியது நல்லதாகப் போயிற்று. புதிதாக இருந்தபோது அது கத்தரிப்பூவைவிட நிச்சயம் அடர்த்தி. படத்தில் இரண்டும் ஒன்றாகவே நின்றன. மங்காத இடமும் முழுக்க வெளிறிய இடமும் தவிர்த்து, நடுவில் பார்த்துப் பார்த்து 20 சதுரம் எடுத்தேன்.

20 நீலத்தையும் 60 கத்தரிப்பூவோடு கலந்து வைத்தேன். எல்லா நீலமும் ஒரே மூலையில் போய் நின்றால் பிழை என்று தெரியும். சிதறி நின்றால் வேண்டுமென்று செய்தது போல இருக்கும். எங்கே விழும் என்று எனக்குத் தெரியாது, மச்சாளுக்கும் தெரியாது. தவறி வெட்டிய ஆறு கத்தரிப்பூப் பட்டியும் சுருட்டி வைத்திருக்கிறேன், கடைசியில் விளிம்பு கட்ட உதவலாம். கொப்பியில் ஈயை வெட்டி 'நாலாவது' என்றும் உவை வெட்டி 'ஐந்தாவது' என்றும் எழுதியிருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் எல்லாவற்றையும் பிஸ்கற் தகரங்களில் அடுக்க முன் அம்மாவிடம் எண்ணத் தந்தேன். நெல் அளக்கிற மாதிரித்தான் அவர் எண்ணுவார், ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம், ரெண்டு, மூண்டு..." பச்சை 80. செங்கல் 60. நாலாவது 80, நீலத்தைக் கண்டபோது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். சந்தனத்தை எண்ணி 80 முடித்தபோது கையில் ஒன்று மிச்சம். ஒன்பது பட்டியில் ஒன்பது ஒன்பதாக வெட்டினால் 81 வரும், பச்சையில் ஒன்றை வெட்டாமல் விட்டவள் இதில் மறந்துவிட்டேன்.

"இது எதுக்கு?" என்று கேட்டார்.

எதுக்கும் இல்லை என்றேன். அம்மா அதை இரண்டாக மடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு துண்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டார்.